நடத்த முடியாமல் திணறும் ஊர்க் குறைகள் தளத்தை மூடிவிடலாமா?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து 2017-ல் எங்கள் நகராட்சிக்கு ஓர் இணையதளம் ஆரம்பித்தோம். தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, குடிநீர் என்று வார்டு வாரியாக மக்கள் புகார் பதியலாம். முதல் வருடம் மாதத்துக்கு 200 புகார் வரை வந்தது. இப்போது 15 வந்தால் பெரிது. ஐந்து பேரில் இரண்டு பேர் வெளியூர் போய்விட்டார்கள். செலவு முழுக்க எங்கள் கையிலிருந்து. அரசே உதவி எண்ணும் செயலியும் வைத்திருக்கிறது. மூடிவிடலாம் என்று தோன்றுகிறது, ஆனால் மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

மூடலாம். ஆனால் நீங்கள் சொல்லியிருக்கும் காரணங்களுக்காக மூடாதீர்கள். மாதம் 15 புகார் என்பது ஒரு சின்ன ஊருக்குக் குறைவே இல்லை. ஆள் போனால் ஆள் வருவார்கள். செலவையும் பாதியாகக் குறைக்க வழி இருக்கிறது. நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: அந்தப் பதினைந்து புகாரும் எங்கே போய்ச் சேருகின்றன?

இதை நான் ஏன் முதலில் கேட்கிறேன் என்று சொல்கிறேன். நானும் இதே மாதிரி ஒரு தளத்தை ஆறு வருடம் நடத்தினேன். புகார் பதிந்ததும் அது தானாக நகராட்சியின் மின்னஞ்சலுக்குப் போகும். பதிந்தவருக்கு "உங்கள் புகார் அனுப்பப்பட்டது" என்று குறுஞ்செய்தி வரும். எண்ணிக்கை ஏற ஏற எங்களுக்குச் சந்தோஷம். ஒரு நாள் காலையில் வயதான ஓர் அம்மா விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் பட்டன் வைத்த பழைய போன். தெருமுனைக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று அவருடைய பேரன் எங்கள் தளத்தில் பதிந்து கொடுத்திருக்கிறான். நாங்கள் அனுப்பிய குறுஞ்செய்தியை அழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தார். தேதியைப் பார்த்தேன். பத்து மாதம் ஆகியிருந்தது. "அனுப்பியாச்சுன்னு போட்டிருக்கே தம்பி, அதான் நானும் பேசாம இருந்துட்டேன்" என்றார்.

அன்றைக்கே நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். தபால் பிரிவில் இருந்த எழுத்தர் பொறுமையாகப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். எங்கள் தளத்தின் பெயரில் ஒரு வரி கூட இல்லை. நாங்கள் அனுப்பிக்கொண்டிருந்த முகவரி, எப்போதோ மாற்றலாகிப் போன ஒரு பொறியாளர் பயன்படுத்தியது. அவர் போன பிறகு அதை யாரும் திறக்கவில்லை. மின்னஞ்சல் திரும்பி வந்திருந்தாலாவது எங்களுக்குத் தெரிந்திருக்கும். அதுவும் வரவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதி, கம்ப எண்ணைக் குறித்து, ஒப்புகை முத்திரை வாங்கினோம். மூன்றாம் நாள் விளக்கு எரிந்தது.

எங்கள் தளமே இல்லாமல் இருந்திருந்தால் அந்த அம்மா முதல் வாரமே நேரில் போய்க் கேட்டிருப்பார். பத்து மாத இருட்டுக்கு நாங்களும் காரணம். யாரும் திறக்காத புகார்ப் பெட்டியை நடுத்தெருவில் வைத்துவிட்டு, மக்கள் சீட்டுப் போடுகிறார்கள் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே, முடிவெடுக்கும் முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். "எங்கள் புகார்கள் மீது ஏன் நடவடிக்கை இல்லை" என்று கேட்காதீர்கள். 'ஏன்' என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று தள்ளிவிட வாய்ப்பு இருக்கிறது. பதிவேட்டைக் கேளுங்கள். இன்ன மின்னஞ்சல் முகவரியிலிருந்து கடந்த 12 மாதத்தில் பெறப்பட்ட புகார்கள் எத்தனை, அவை எந்தப் பதிவேட்டில் எந்த எண்ணில் பதியப்பட்டன, ஒவ்வொன்றின் தற்போதைய நிலை என்ன, அந்தப் பதிவேட்டின் பக்கங்களின் நகல் தேவை. இவ்வளவு போதும். பதில் வருவதற்குள், உங்கள் தளத்தில் கடைசியாக வந்த முப்பது புகார்களை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் சுற்றி வாருங்கள். குழி மூடியிருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். பதிந்தவர்களுக்குப் போன் போட்டு, வேலை நடந்ததா, நடந்தது என்றால் யார் சொல்லி நடந்தது என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் சில சமயம் வலிக்கும். "அதுவா, எங்க கவுன்சிலர்கிட்ட சொன்னேங்க, ஆள் அனுப்பிட்டார்" என்பார்கள்.

முப்பதில் ஐந்து வேலையாவது உங்கள் தளத்தால் நடந்திருந்தால் மூடாதீர்கள். ஒன்றுமே இல்லை என்றால், புகார் பதியும் பக்கத்தை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். தளத்தை மூடுவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். புதிதாக ஒருவரை நம்ப வைப்பதை முதலில் நிறுத்த வேண்டும்.

இந்தத் துறையில் பலரும் பார்த்துப் பின்பற்றிய தளம் பிரிட்டனின் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட். மைசொசைட்டி என்ற அமைப்பு 2007-ல் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. வரைபடத்தில் குழி இருக்கும் இடத்தைத் தொட்டு எழுதினால், அந்தப் பகுதிக்குப் பொறுப்பான உள்ளாட்சிக்குப் போய்விடும். இந்த அளவுக்கு யாரும் செய்துவிடலாம், நாங்களும் செய்தோம். அவர்கள் கூடுதலாகச் செய்தது, நான்கு வாரம் கழித்துப் புகார் கொடுத்தவருக்கே எழுதி "சரி செய்துவிட்டார்களா?" என்று கேட்டதுதான். அந்தப் பதில் தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி நிற்கும். நாங்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்த அம்மா பத்து மாதம் காத்திருக்க வேண்டியிருக்காது. நிரல் எழுதத் தெரிந்தவர் உங்கள் குழுவில் இன்னும் இருந்தால், மூடுவதற்கு முன் இதை மட்டும் சேர்த்து மூன்று மாதம் நடத்திப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். அந்தத் தளத்தின் மூல நிரல் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. வேறு நாடுகளிலும் அதை எடுத்துத் தங்கள் ஊருக்கு மாற்றி நடத்தியிருக்கிறார்கள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. 2018-ல் கூகுள் தன் வரைபடச் சேவையின் கட்டணத்தை மாற்றியபோது பல சிறு தளங்களுக்குப் பில் எகிறியது. உங்கள் செலவும் அந்த வருடத்துக்குப் பிறகு ஏறியிருந்தால், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்துக்கு மாறிவிட்டாலே பாதிப் பாரம் குறையும். குறுஞ்செய்திக்குப் பதில் மின்னஞ்சலோ டெலிகிராமோ போதும். இந்தச் சில ஆயிரங்களுக்காக ஒரு நல்ல தளம் சாக வேண்டியதில்லை.

அரசே வைத்திருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். முதலமைச்சரின் உதவி மையத்துக்கு 1100, சென்னை மாநகராட்சிக்கு 1913, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்று வாசல்கள் இருக்கின்றன. ஒற்றை ஆளின் ஒற்றைக் குறைக்கு உங்கள் தளத்தைவிட அவை நல்ல வழி. அங்கே கொடுத்தால் மனு எண் கிடைக்கும், பதில் சொல்ல வேண்டிய கடமை ஒருவருக்கு இருக்கும். அந்த வேலைக்காக மட்டுமே உங்கள் தளம் இருக்கிறது என்றால், போட்டி போடாமல் மக்களை அங்கே அனுப்பிவிடுவதுதான் நேர்மை.

ஆனால் அந்த வாசல்களில் நடக்காத ஒன்று உண்டு. நான் கொடுத்த மனு எனக்கும் அலுவலகத்துக்கும் மட்டும்தான் தெரியும். பக்கத்துத் தெருக்காரர் அதே சாக்கடைக்காக ஏழு தடவை எழுதியிருப்பது எனக்குத் தெரியாது. குறை தீர்ந்தது என்று கோப்பை மூடுவதும் பெரும்பாலும் அலுவலகம்தான். ஊரே பார்க்கும்படி, வருடக்கணக்காக, இந்த வார்டில் இந்த இடத்தில் ஒவ்வொரு ஐப்பசியிலும் தண்ணீர் நிற்கிறது என்று சொல்லும் பதிவு உங்களைப் போன்ற தளத்தில்தான் இருக்கும். 2017-லிருந்து நீங்கள் சேர்த்து வைத்திருப்பது அதுதான். புகார்ப் பெட்டி தோற்றிருக்கலாம், இந்தப் பதிவேடு தோற்கவில்லை. வரும் புகார்களை வைத்து மட்டும் தளத்தை எடை போட்டால் இது கண்ணில் படாமலே போய்விடும்.

இங்கேதான் மூடுவது என்பதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். தளத்தை நிறுத்துவது வேறு, வேலையை நிறுத்துவது வேறு. அதே மைசொசைட்டி 2005-ல் பிளெட்ஜ்பேங்க் என்று இன்னொரு தளம் நடத்தியது. "இத்தனை பேர் என்னோடு சேர்ந்தால் நான் இதைச் செய்கிறேன்" என்று ஒருவர் உறுதி எழுதுவார், மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். டிஜிட்டல் உரிமைகளுக்காக ஓர் அமைப்பு வேண்டும், ஆயிரம் பேர் மாதம் ஐந்து பவுண்டு தந்தால் ஆரம்பிக்கலாம் என்று ஒருவர் அதில் எழுதினார். ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். அப்படித்தான் ஓப்பன் ரைட்ஸ் குரூப் பிறந்தது. பிளெட்ஜ்பேங்கைப் பிறகு மூடிவிட்டார்கள். ஓப்பன் ரைட்ஸ் குரூப் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது. தளம் போனதற்காக அந்த ஆயிரம் பேரின் உழைப்பு வீண் என்று யாராவது சொல்வார்களா?

எப்படி மூடக் கூடாது என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் எவ்ரிபிளாக் என்று ஒரு தளம். ஏட்ரியன் ஹொலொவாட்டி என்பவர் நைட் அறக்கட்டளையின் நிதியுதவியோடு 2007-ல் தொடங்கினார். நகரத்தை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து, உங்கள் தெருவில் நடந்த திருட்டு, உணவக ஆய்வு, கட்டட அனுமதி எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் காட்டும். பிறகு அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்ளும் இடமாகவும் ஆனது. 2009-ல் ஒரு பெரிய செய்தி நிறுவனம் அதை வாங்கியது. 2013 பிப்ரவரி 7-ஆம் தேதி, முன்னறிவிப்பே இல்லாமல் மூடிவிட்டார்கள். காலையில் வழக்கம்போலத் திறந்தவர்களுக்கு ஒரு விடைபெறும் குறிப்பு மட்டும் இருந்தது. அந்தப் பக்கத்தில் மட்டுமே ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் போன் எண்ணைக்கூட வாங்கிக்கொள்ள அவகாசம் இல்லை. அடுத்த வருடம் வேறொரு நிறுவனம் சிகாகோவில் அதைத் திரும்பத் திறந்தது, 2018-ல் அதுவும் மூடப்பட்டது. லாபம் வராத ஒன்றை ஒரு நிறுவனம் நிறுத்துவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு மாதம் முன்னால் சொல்லியிருக்கலாம் என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சொல்வதற்குப் பணம் ஒன்றும் ஆகாதே.

நேர்மாறாக, வாஷிங்டனில் இருந்த சன்லைட் ஃபவுண்டேஷன். 2006-ல் தொடங்கி, அமெரிக்க நாடாளுமன்றத் தகவல்களை மக்களுக்குத் திறந்துவிடும் கருவிகளைச் செய்தார்கள். 2016-ல் கருவி செய்யும் பிரிவை நிறுத்துவது என்று முடிவெடுத்தபோது, ஒவ்வொன்றுக்கும் ஆள் தேடினார்கள். அரசியல்வாதிகள் அழித்த ட்வீட்களைச் சேகரிக்கும் பொலிட்வூப்ஸ், புரொபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்திடம் போனது. நாடாளுமன்ற மசோதாக்களைப் பின்தொடர அவர்கள் நடத்திய ஓப்பன்காங்கிரஸ் என்ற தளத்தை அதே வருடம் மூடியபோது, வருகிறவர்களை 2004-லிருந்து அதே வேலையைச் செய்துகொண்டிருந்த கவ்டிராக் என்ற தளத்துக்குத் திருப்பிவிட்டார்கள். தன்னைவிட நன்றாகச் செய்கிறவரின் வாசலைக் காட்டிவிட்டுப் போவது ஒன்றும் சின்ன விஷயம் இல்லை.

உங்கள் ஊரில் புரொபப்ளிகா இருக்காது. ஆனால் குடியிருப்போர் நலச்சங்கம் இருக்கும். நுகர்வோர் அமைப்பு இருக்கும். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டக் குழு, சிவில் அல்லது கணினித் துறை இருக்கும். நகரப் பதிப்புக்குச் செய்தி தரும் நிருபர் இருப்பார். இவர்களில் யாரிடமாவது "தளத்தை எடுத்து நடத்துங்கள்" என்று கேட்டால் தயங்குவார்கள். "இத்தனை வருடப் பதிவுகளை வார்டு வாரியாக எக்செல் கோப்பில் தருகிறோம், பயன்படுத்துவீர்களா" என்று கேளுங்கள். கை நீளும்.

கொடுப்பதற்கு முன் புகார் கொடுத்தவர்களின் பெயர், போன் எண், வீட்டு எண் மூன்றையும் அந்தக் கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். பலர் ஒப்பந்ததாரருக்கு எதிராகவும் வார்டு ஆட்களுக்கு எதிராகவும் எழுதியிருப்பார்கள். உங்களை நம்பிக் கொடுத்த எண் அது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், சட்டமே இல்லாவிட்டாலும் இதைச் செய்யத்தான் வேண்டும். உறுப்பினர் பட்டியலை யாரும் விலைக்குக் கேட்டாலும் இலவசமாகக் கேட்டாலும் தராதீர்கள். தேர்தல் நெருங்கும்போது கண்டிப்பாகக் கேட்பார்கள்.

தளத்தின் பழைய பக்கங்களை நிரல், தரவுத்தளம் எதுவும் தேவைப்படாத வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றி ஏதாவது இலவச இடத்தில் வைத்துவிடலாம். பராமரிப்பு ஏதும் வேண்டாம், பல வருடம் கிடக்கும். இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலும் முக்கியப் பக்கங்களைச் சேமித்துவிடுங்கள். தளத்தின் பெயரை மட்டும் உடனே விட்டுவிடாதீர்கள். ஐந்து வருடத்துக்காவது சேர்த்துப் புதுப்பித்து வையுங்கள். காலாவதியான பெயரை யாரோ வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுவார்கள். ரேஷன் கடைச் சுவரில் நீங்கள் ஒட்டிய ஸ்டிக்கரில் அதே முகவரி இருக்கும். பார்த்துவிட்டுத் திறக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

மனசு வரவில்லை என்றீர்கள். எனக்கும் வரவில்லை, அதனாலேயே இரண்டு வருடம் இழுத்தேன். அந்த இரண்டு வருடத்தில் தளம் ஓடியது, நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. வாட்ஸப் குழுவில் "இந்த வாரம் உட்கார்ந்து முடிவு பண்ணிடுவோம்" என்று மாறி மாறி எழுதிக்கொண்டிருந்தோம். நான் செய்ததிலேயே பெரிய தவறு அதுதான். நடத்தினால் நடத்த வேண்டும், இல்லையென்றால் தேதி குறித்து மூட வேண்டும். நடுவில் தொங்கவிடும் ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் "அனுப்பியாச்சு" என்ற குறுஞ்செய்தியை நம்பி உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே இன்றைக்கே ஐந்து பேரும் பேசி ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வர ஒரு மாதம், வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு இன்னொன்று, எல்லாம் சேர்த்து மூன்று மாதம் போதும். அந்தத் தேதிக்குள் மாதம் பத்து மணி நேரம் கொடுக்கிறேன் என்று இரண்டு பேராவது எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்கிறவர்கள் உள்ளூரில் இருப்பவர்களாக இருக்க வேண்டும். நகராட்சி அலுவலகத்துக்கு நேரில் போக முடியாதவர் எவ்வளவு நல்ல நிரலாளராக இருந்தாலும் இந்த வேலைக்குப் பாதி ஆள்தான். இரண்டு பேர் கிடைத்தால், தெருவிளக்கு, சாக்கடை என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒரே ஒரு பிரச்சினையை மட்டும் எடுத்து நடத்துங்கள். மழைநீர் தேங்கும் இடங்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஒழுங்காகத் தொடர்ந்தால் நகராட்சிப் பொறியாளரே உங்கள் பட்டியலைக் கேட்டு வாங்கும் நாள் வரும், நான் வேறு ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

கிடைக்காவிட்டால், தேதிக்கு 30 நாள் முன்னால் முகப்பில் அறிவிப்புப் போடுங்கள். இன்ன தேதியிலிருந்து புகார் ஏற்கப்படாது, இதுவரை பதிந்தவை தீர்ந்தனவா இல்லையா என்பது எங்களுக்குத் தெரிந்த வரை இது, இனி எங்கே கொடுக்க வேண்டும், அங்கே கொடுக்கும்போது மனு எண் வாங்க மறக்காதீர்கள். தீராமல் கிடக்கும் புகார் ஒவ்வொன்றுக்கும் பதிந்தவருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் போனே போட்டுவிடலாம்.

பிறகு, தீராத புகார்களை வார்டு வாரியாகத் தாளில் அச்சடியுங்கள். ஒவ்வொரு வார்டுக்கும் மூன்று பிரதி: ஒன்று அந்த வார்டு கவுன்சிலருக்கு, ஒன்று ஆணையருக்கு, ஒன்று ஒப்புகை முத்திரையோடு உங்கள் கைக்கு. தபால் பிரிவில் வரிசையில் நின்று நேரிலேயே கொடுங்கள். நாங்கள் கொடுத்தது 19 தாள். முத்திரை விழுந்த பிரதிகளை ஒரு கோப்பில் போட்டு எங்கள் தெரு நூலகத்தில் வைத்தோம். வீட்டுமனை வாங்க வந்தவர்கள் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று பார்க்க இன்றைக்கும் அதைக் கேட்டு வாங்கிப் புரட்டுகிறார்களாம், நூலகர் சொன்னார்.